பாட்டும் பங்கும்: தொலைக்காட்சிப் பாடலுக்கு உரிமைத்தொகை வந்த வரலாறு

முன்னுரை

1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம்வரை மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியது. நகரில் பணிபுரிந்து மாலையில் வீடு திரும்பும் மக்களின் குடியிருப்புகளாகப் பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் வளர்ந்தன. 44 ஆண்டுகள் கழித்து, 1975 ஆகஸ்டு 15ஆம் நாள், சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, இப்புறநகர்களின் மாடிகளிலும் அலைவாங்கிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சிக்கு முன் வீடு சேர்ந்துவிட வேண்டும் என்று விரைந்தோர் பலர். பெட்டி இருந்த ஒரு வீட்டின் கூடத்தில் பெட்டி இல்லாத பல வீடுகளின் பிள்ளைகள் அமர்ந்திருந்த காலம் அது.

அந்த அரைமணி நேரத்தில் கண்டது நடிகரின் முகம். கேட்டது பாடகரின் குரல். சொல்லைத் தந்த கவிஞரும் பண்ணைத் தந்த இசையமைப்பாளரும் திரைக்குப் பின்னே நின்றனர். ஒரு பாடல் நூறுமுறை ஒளிபரப்பானால் அந்த நூறுமுறையும் அவர்களுக்கு ஏதேனும் கிடைத்ததா? கிடைக்கவில்லை எனில் ஏன் கிடைக்கவில்லை? இன்று கிடைக்கிறது எனில் அஃது எவ்வழியில் வந்தது? இவ்வினாக்களுக்கு விடை காணும் வரலாறு கவிதை எழுதும் எவருக்கும் அயலானதன்று. ராயல்டி எனப்படும் உரிமைத்தொகை தமிழ்ப் பாடலாசிரியர்களை வந்தடைந்த நெடும்பாதையை இக்கட்டுரை நிரல்பட எடுத்துரைக்கிறது.

பரிசில் மரபு

பாட்டுக்குப் பொருள் பெறுதல் தமிழுக்குப் புதிதன்று. கபிலருக்குச் செல்வக் கடுங்கோ வாழியாதன் நூறாயிரம் காணம் கொடுத்ததோடு, நன்றா என்னும் குன்றின்மேல் ஏறி நின்று கண்ட நாடெல்லாம் கொடுத்தான் என்று பதிற்றுப்பத்தின் பதிகம் கூறும். பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனார் பதினாறு நூறாயிரம் பொன் பெற்ற செய்தியைக் கலிங்கத்துப்பரணி போற்றும். தென்சென்னைப் புறநகரை அடுத்த குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றியபோது, சோழ மன்னன் அவரை யானைமீது ஏற்றித் தானே கவரி வீசினான் என்பது வழிவழி வந்த செய்தி.

ஆயினும் பரிசில் என்பது கொடுப்போன் உள்ளத்தைப் பொறுத்தது. அதியமான் தன்னைக் காணாமலே பொருள் அனுப்பியபோது பெருஞ்சித்திரனார் அதனை ஏற்க மறுத்த செய்தி புறநானூற்றின் 208ஆம் பாட்டில் உள்ளது. தம்மை விலைபேசும் வணிகனாக அவர் கருதவில்லை. தம் புலமை அறியப்பட வேண்டும் என்பதே அவர் வேண்டியது. பொருளைவிடப் பெயரும் மதிப்பும் முதன்மையானவை என்ற அந்த எண்ணம் பின்வரும் வரலாறு முழுவதிலும் ஊடாடி நிற்பதைக் காணலாம்.

புரவலன் ஒருமுறை கொடுத்தான். புலவன் ஒருமுறை பெற்றான். அதற்குப்பின் அப்பாட்டை ஊர்தோறும் யார் பாடினாலும் புலவனுக்கு வருவதொன்றில்லை. ஏட்டில் எழுதிப் படித்த உலகில் அது குறையாகத் தோன்றவில்லை. அச்சும் அரங்கும் ஒலித்தட்டும் வந்து, ஒரு பாட்டை ஆயிரம்முறை விற்க முடியும் என்ற நிலை ஏற்பட்டபோதே சிக்கல் பிறந்தது.

பம்மலார் வைத்த கணக்கு

மீண்டும் மீண்டும் நிகழ்த்தப்படும் படைப்புக்கு மீண்டும் மீண்டும் பொருள் உண்டு என்பதைத் தமிழுலகில் தெளிவாக உணர்ந்து நடந்தவர், பல்லாவரத்தை அடுத்த பம்மல் என்னும் ஊரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய சம்பந்த முதலியார் (1873-1964) ஆவார். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவியவர், வழக்கறிஞர், பின்னர்ச் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கியவர். சட்டம் அறிந்த நாடக ஆசிரியர் என்பதால், தம் நாடகங்களை மேடையேற்றுவோர் தம் அனுமதியைப் பெற வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். எந்த நாடகம் தம் அனுமதியோடு எத்தனைமுறை ஆடப்பட்டது என்று கணக்கும் வைத்திருந்தார்.

இக்கணக்கை ஒருவரின் தனிப் பழக்கம் என்று கடந்துவிடலாகாது. நூலை விற்பது ஓர் உரிமை. அந்நூலை மக்கள் முன்னிலையில் நிகழ்த்துவது வேறோர் உரிமை. நாடகப் புத்தகத்தை விலைகொடுத்து வாங்கியவர் அதனைப் படிக்கலாம். கட்டணம் வைத்து ஆட வேண்டுமாயின் ஆசிரியரைக் கேட்க வேண்டும். நிகழ்த்துரிமை என்று சட்டம் கூறும் கருத்தின் உயிர்நிலை இதுவே. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடல் ஒலிக்கும்போது எழும் உரிமையும் இதன் வழிவந்ததே. ஆனால் பம்மலாரிடம் இருந்த இரண்டு வலிமைகள் பின்வந்த திரைப்படக் கவிஞர்க்கு இல்லை. அவர் பிறர் பணிக்க எழுதியவர் அல்லர். பிழைப்புக்கு வேறு தொழில் உடையவர்.

பாரதி பாடலும் ஒலிபரப்புரிமையும்

பாடலின் ஒலிபரப்புரிமை தனிப் பொருளாக விற்கப்படக்கூடும் என்பதைத் தமிழகம் அறிந்தது பாரதியார் பாடல்கள் வாயிலாகவே. 1921இல் பாரதியார் மறைந்தபின் அவர் நூல்களின் உரிமை குடும்பத்தாரிடமிருந்து கைமாறியது. அவற்றுள் ஒலிப்பதிவு, ஒலிபரப்பு ஆகியவற்றுக்கான உரிமையை 1930களில் நகை வணிகர் ஒருவர் வாங்கினார். அவரிடமிருந்து அதனைப் பெற்றவர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். சரசுவதி ஸ்டோர்ஸ் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தித் தொழில் பயின்றவர் அவர்; ஆகவே ஒலிக்கும் பாட்டின் விலையை நன்கு அறிந்திருந்தார். 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்கள் இடம்பெற்றுப் பெரும்புகழ் எய்தின.

1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தம் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது உரிமைச் சிக்கல் எழுந்தது. ஒரு தேசியக் கவியின் பாடலைத் தமிழ்ப் படத்தில் பாடுவதற்குத் தனியொருவரின் அனுமதி வேண்டுமா என்ற குரல் நாடெங்கும் ஒலித்தது. எழுத்தாளர்களும் கலைஞர்களும் இயக்கமாகத் திரண்டனர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு 1949இல் பாரதி நூல்களின் உரிமையைத் தானே பெற்றது. மெய்யப்பச் செட்டியார் தம் பங்கை ஈடு பெறாமல் விட்டுக்கொடுத்தார். பின்னர் 1950களின் நடுவில் அவ்வுரிமை மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டது.

தமிழகம் பெருமிதம் கொள்ளத்தக்க நிகழ்ச்சி இது. எனினும் இதில் ஒரு முரண் உண்டு. வாழும் நாளில் வறுமையில் உழன்ற கவிஞரின் பாட்டு, அவர் மறைந்த பின்னரே விலைபெற்றது. அவ்விலையும் பெரும்பாலும் இடையில் நின்றோர் கைக்கே சென்றது. நாட்டுடைமை என்பது பாட்டை மக்களுக்கு விடுவித்தது. வாழும் கவிஞரின் வயிற்றுக்கு வழி அதில் இல்லை. தமிழகம் நாட்டுடைமை என்னும் வழியில் புகழ்பெற நடந்தது. உரிமைத்தொகை என்னும் வழியில் மெல்லவே நடந்தது.

பாரிசு நகர உணவகம்

பிறநாடுகளில் இந்த இரண்டாம் வழி எவ்வாறு பிறந்தது என்பதையும் இங்கு நோக்க வேண்டும். 1847இல் பாரிசு நகரின் அம்பாசதேர் என்னும் உணவகத்தில் எர்னெஸ்ட் பூர்ழே என்னும் பாடலாசிரியர் தம் இசைத்துறை நண்பர்களோடு அமர்ந்திருந்தார். அங்கு இசைத்தவர்கள் அவர்களுடைய பாடல்களையே இசைத்தனர். உணவகம் பருகியதற்குப் பணம் கேட்டபோது அவர்கள் கொடுக்க மறுத்தனர். எங்கள் பாட்டை வைத்து நீங்கள் வாணிகம் செய்து எங்களுக்கு ஒன்றும் தராதபோது, உங்கள் பானத்துக்கு நாங்கள் மட்டும் ஏன் தர வேண்டும் என்பதே அவர்கள் வாதம். வழக்கு நீதிமன்றம் சென்றது, படைப்பாளர்கள் வென்றனர். அதன் பயனாக 1851இல் பிரான்சில் படைப்பாளர் சங்கம் தோன்றியது.

அச்சங்கத்தின் அடிப்படை எளியது. ஒரு கவிஞர் ஊரிலுள்ள ஒவ்வோர் உணவகத்துக்கும் சென்று கேட்க இயலாது; ஓர் உணவகமும் ஒவ்வொரு கவிஞரையும் தேடிச் செல்ல இயலாது. ஆகவே எல்லாப் படைப்பாளர் சார்பிலும் ஒரு சங்கம் ஒரே உரிமம் வழங்கும், கட்டணம் திரட்டும், பாடப்பட்ட பாடல்களின் கணக்கைப் பார்த்துப் பங்கிடும். இங்கிலாந்தில் 1914இல் இத்தகைய சங்கம் அமைந்தது. இந்தியாவில் 1969இல்தான் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் மும்பையில் நிறுவப்பட்டது. பாரிசு உணவகத்துக்கும் மும்பைச் சங்கத்துக்கும் இடையே நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி இருந்தமை எண்ணத்தக்கது.

வானொலிக் காலம்

திரைப்படம் பேசத் தொடங்கிய 1931 முதலே தமிழ்ப்படத்தில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. பாபநாசம் சிவன், உடுமலை நாராயணகவி, மருதகாசி, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கண்ணதாசன் என்று தொடரும் கவிஞர் மரபு பாட்டுக்கு இவ்வளவு என்று ஒருமுறை ஊதியம் பெற்று எழுதியது. தயாரிப்பாளர் கொடுத்த தொகையோடு கணக்கு முடிந்தது. பழைய பரிசில் முறைதான் இது. புரவலன் இருந்த இடத்தில் முதலாளி வந்தான் என்பதே வேறுபாடு.

வானொலியில் அப்பாடல்கள் ஒலித்தபோது அனுமதி வழங்கியோர் தயாரிப்பாளரும் இசைத்தட்டு நிறுவனத்தாருமே. 1952இல் பி.வி. கேஸ்கர் செய்தி ஒலிபரப்புத்துறை அமைச்சரானபின் அகில இந்திய வானொலியில் திரையிசைக்கு இடம் சுருங்கியது. கேட்போர் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். 1957இல் விவித பாரதி தொடங்கித் திரையிசை மீண்டும் இடம் பெற்றது. இந்தப் பூசல் அரசுக்கும் திரைத்துறைக்கும் இடையே நிகழ்ந்தது. எழுதியவரும் இசையமைத்தவரும் அதில் ஒரு தரப்பாகவே எண்ணப்படவில்லை. வானொலி அறிவிப்பில் பாடலாசிரியர் பெயரும் சொல்லப்பட வேண்டும் என்று இந்திக் கவிஞர் சாகிர் லூதியான்வி போராடிய காலம் அது. பணம் கேட்பதற்கு முன் பெயரைக் கேட்க வேண்டிய நிலையில் கவிஞர்கள் இருந்தனர்.

1957ஆம் ஆண்டுச் சட்டமும் 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

1958 சனவரியில் நடைமுறைக்கு வந்த 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு திரைப்பாடலில் பல உரிமைகள் அடுக்கடுக்காக இருப்பதை ஏற்றது. சொல் ஓர் இலக்கியப் படைப்பு. பண் ஓர் இசைப் படைப்பு. ஒலித்தட்டு ஒரு பதிவு. திரைப்படம் தனியொரு படைப்பு. சொல்லுக்கும் பண்ணுக்கும் முதல் உரிமையாளர் அவற்றைப் படைத்தவரே என்பது பொதுவிதி. ஆனால் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒரு விலக்கையும் வைத்திருந்தது: பொருள் கொடுத்துப் பணித்து ஆக்குவிக்கப்பட்ட படத்துக்கும், ஊழியத்தின்போது ஆக்கப்பட்ட படைப்புக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாவிடில் பணித்தவரே முதல் உரிமையாளர்.

இசையமைப்பாளருக்கு இன்னுமொரு தடையும் இருந்தது. இசைப் படைப்பு என்பது எழுத்தில் அல்லது அச்சில் குறியீடாக இருக்க வேண்டும் என்று அச்சட்டம் வரையறுத்தது. ஆர்மோனியத்தில் விரல் ஓட்டி வாய்வழியாகப் பண்ணைச் சொல்லித்தரும் நம் நாட்டு மரபுக்கு அவ்வரையறை பொருந்தாதது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் அக்கட்டுப்பாடு நீங்கியது.

இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் தன் கட்டண விகிதத்தை வெளியிட்டபோது திரைப்படத் தயாரிப்பாளர் சங்கங்கள் எதிர்த்தன. பதிப்புரிமை வாரியம் படைப்பாளர்க்குச் சார்பாக முடிவு கூறியது. கல்கத்தா உயர்நீதிமன்றம் 1974இல் அதனை மாற்றியது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்று, 1977 மார்ச்சு 14ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. படத்தின் பகுதியாகப் பாடல் இருக்கும்வரை அதனைத் திரையிட்டு ஒலிக்கச் செய்யும் உரிமை தயாரிப்பாளரையே சாரும். படத்துக்குப் புறம்பே, அரங்கிலோ விடுதியிலோ அப்பண்ணை நிகழ்த்தும் உரிமை படைப்பாளரிடம் எஞ்சி நிற்கும் என்று நீதிமன்றம் பகுத்துக் கூறியது. ஆயினும் பொருள் கொடுத்துப் பணித்து எழுதுவிக்கும் தயாரிப்பாளர் 17ஆம் பிரிவின்வழி முழு உரிமையையும் பெற்றுவிடலாம் என்றும் கூறியதால், எஞ்சி நின்ற உரிமையும் நடைமுறையில் கவிஞர் கைக்கு எட்டவில்லை. ஏனெனில் திரைப்பாடல் அனைத்தும் பணிக்கப்பட்டு எழுதப்பட்டவையே.

அத்தீர்ப்பில் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் தனிக்குறிப்பு ஒன்று எழுதினார். பாடும் கலைஞருக்கு நம் சட்டத்தில் இடமில்லாமையைச் சுட்டி, நாடாளுமன்றம் இதனைக் கருத வேண்டும் என்றார். சட்டத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட நீதிமன்றமே அச்சட்டத்தின் குறையைச் சுட்டியமை குறிப்பிடத்தக்கது. அந்தக் குரலுக்கு முழு விடை கிடைக்க 35 ஆண்டுகள் ஆயின.

தொலைக்காட்சி பெருகிய காலம்

1977ஆம் ஆண்டுத் தீர்ப்பு வந்தபோது சென்னைத் தொலைக்காட்சிக்கு வயது இரண்டுகூட நிறையவில்லை. ஒரே நிலையம், மாலையில் சில மணிநேர ஒளிபரப்பு. அன்று இழந்த உரிமையின் அளவு எவருக்கும் தெரியவில்லை. 1993 ஏப்ரல் 14ஆம் நாள் சன் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்தடுத்துப் பல அலைவரிசைகள் தோன்றின. நாள் முழுவதும் பாடல் மட்டுமே ஒளிபரப்பும் அலைவரிசைகளும் வந்தன. 2006இல் தொடங்கிய 'சூப்பர் சிங்கர்' போன்ற போட்டி நிகழ்ச்சிகளில் 1950களின் பாடல்களைப் பத்து வயதுக் குழந்தைகள் பாடினர். பழைய பாடல் என்பது பழங்கதை என்ற நிலை மாறி, அள்ள அள்ளக் குறையாத செல்வமாக ஆயிற்று.

1955இல் ஒரு பாடலுக்கு ஒப்பந்தம் எழுதிய கவிஞர் தொலைக்காட்சி என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார். தெரியாத ஊடகத்தின் உரிமையையும் சேர்த்தே அவர் விற்றதாகக் கொள்ளப்பட்டது. விளைநிலத்தை விற்றவர் அதன் அடியில் பின்னாளில் கண்டெடுக்கப்பட்ட பொன்னையும் விற்றவரே என்று சொல்வதைப் போன்றது இது. பட்டுக்கோட்டையார் 1959இல் 29 வயதில் மறைந்தார். அவர் பாட்டு ஒலிக்காத நாள் தமிழ்நாட்டில் இல்லை. 1981இல் மறைந்த கண்ணதாசனைப் பற்றியும் அவ்வாறே கூறலாம். பாட்டின் ஆயுளுக்கும் பாட்டால் வந்த ஊதியத்தின் ஆயுளுக்கும் இடையே இத்துணை வேறுபாடு பிறிதொரு தொழிலில் காண்பது அரிது.

2012ஆம் ஆண்டுத் திருத்தம்

இக்குறையை நீக்கும் முயற்சியில் முன்னின்றவர் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த அவர், படைப்பாளர்களின் நிலையை அவையில் எடுத்துரைத்தார். திரைத்துறை முதலாளிகள் எதிர்ப்பு வலுவாக இருந்தது. எனினும் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் 2012 மே 17ஆம் நாள் மாநிலங்களவையிலும், மே 22ஆம் நாள் மக்களவையிலும் நிறைவேறி, சூன் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

அதன் சாரம் நான்கு கூறுகளில் அடங்கும். முதலாவது, திரைப்படத்தில் சேர்க்கப்பட்ட பாடலின் சொல்லையும் பண்ணையும் படைத்தவரின் உரிமையைப் பணித்தவர் என்ற காரணத்தால் தயாரிப்பாளர் விழுங்கிவிட முடியாது. இரண்டாவது, திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது நீங்கலாக, வேறெந்த வழியில் அப்பாடல் பயன்பட்டாலும் வரும் உரிமைத்தொகையில் படைப்பாளருக்குச் சமபங்கு உண்டு. மூன்றாவது, அந்தப் பங்கைத் தம் சட்டப்படியான வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவருக்கும் எழுதிக்கொடுக்க இயலாது. அவ்வாறு எழுதிக்கொடுத்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. நான்காவது, ஒப்பந்தம் எழுதும் நாளில் வழக்கில் இல்லாத ஊடகத்துக்கு, அதனைப் பெயர் சுட்டி எழுதினாலன்றி, ஒப்பந்தம் பொருந்தாது.

இவற்றுள் மூன்றாம் கூறே சட்டத்தின் உயிர்நாடி. உரிமை உண்டு என்று சொல்லி, அதனை ஒரே கையெழுத்தில் பறித்துக்கொள்ள வழியும் விட்டிருந்தால், வாய்ப்புத் தேடி வரும் இளங்கவிஞர் அந்தக் கையெழுத்தை முதல் நாளே போட்டுவிடுவார். வலியவரும் எளியவரும் ஒப்பந்தம் செய்யுமிடத்தில், எளியவர் விரும்பினாலும் விட்டுக்கொடுக்க முடியாதபடி காத்து நிற்பதே நீதி என்பதைச் சட்டம் உணர்ந்தது.

சங்கங்களின் ஆட்சியிலும் மாற்றம் வந்தது. படைப்பாளரைவிட இசைத்தட்டு நிறுவனங்களின் கை சங்கத்தில் ஓங்கிவிட்டது என்னும் குறை நெடுநாளாக இருந்தது. ஆட்சிக் குழுவில் படைப்பாளரும் உரிமையாளரும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்று திருத்தச்சட்டம் விதித்தது. இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் அம்மாற்றங்களை ஏற்று 2017 நவம்பரில் மீண்டும் பதிவு பெற்றது.

அதே 2017ஆம் ஆண்டில், இசையமைப்பாளர் இளையராஜா தம் பாடல்களை மேடையில் பாடுவது குறித்து எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிய செய்தி தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. நெடுநாள் நட்பில் விழுந்த கீறலாகவே பலரும் அதனைக் கண்டனர். ஆனால் பாடுபவர் ஒருவர், பண்ணமைத்தவர் வேறொருவர், அனுமதி என்பது கேட்டுப் பெற வேண்டிய ஒன்று என்ற கருத்து அன்றுதான் பொதுமக்கள் செவியில் முதன்முதலாக விழுந்தது. பம்மலார் வைத்த கணக்கின் பொருளை ஊர் அறியச் சற்றேறக்குறைய நூறாண்டு ஆயிற்று எனலாம்.

புதிய சட்டத்தின் பொருள் என்ன என்பதும் நீதிமன்றங்களில் வாதிக்கப்பட்டது. ஒலித்தட்டு நிறுவனத்துக்குப் பணம் கட்டினால் போதும், அதனுள் அடங்கிய சொல்லுக்கும் பண்ணுக்கும் தனியே கட்ட வேண்டியதில்லை என்று வானொலி நிறுவனங்கள் வாதிட்டன. 2023 ஏப்ரலில் பம்பாய் உயர்நீதிமன்றம், அவ்வாறன்று, ஒலிப்பதிவு மக்களைச் சென்றடையும் ஒவ்வொரு முறையும் அடிப்படைப் படைப்பின் ஆசிரியருக்கு உரிமைத்தொகை உண்டு என்று இடைக்கால ஆணையில் கூறியது.

பணம் வரும் வழி

ஒரு பாடல் தொலைக்காட்சியில் ஒலிப்பதிலிருந்து கவிஞர் கைக்குத் தொகை வருவதுவரை உள்ள படிகளை அறிதல் நலம். முதற்படி, கவிஞர் சங்கத்தில் உறுப்பினராகி, தம் பாடல்களின் பட்டியலைப் பதிவு செய்தல். பாடலின் முதலடி, படத்தின் பெயர், இசையமைப்பாளர் பெயர், ஆண்டு ஆகியவை பிழையின்றி இருத்தல் வேண்டும். இரண்டாம் படி, தொலைக்காட்சி நிறுவனம் சங்கத்திடம் உரிமம் பெற்றுக் கட்டணம் செலுத்துதல். மூன்றாம் படி, எந்நாளில் எந்நிகழ்ச்சியில் எப்பாடல் எவ்வளவு நேரம் ஒலித்தது என்னும் குறிப்பேட்டை நிறுவனம் அளித்தல். நான்காம் படி, நிர்வாகச் செலவைக் கழித்தபின் அக்குறிப்பேட்டின்படி தொகையைப் பங்கிடுதல்.

எடுத்துக்காட்டாக, ஒரு பாடலுக்குப் பகிர்வில் 100 ரூபாய் வந்தது என்று கொள்வோம். சமபங்கு விதிப்படி 50 ரூபாய் உரிமையை எழுதி வாங்கிய நிறுவனத்துக்கும், எஞ்சிய 50 ரூபாய் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்குமாகச் செல்லும். போட்டி நிகழ்ச்சியில் ஒரு குழந்தை நேரடியாகப் பாடும்போது பழைய ஒலித்தட்டு பயன்படுவதில்லை. ஆனால் சொல்லும் பண்ணும் பயன்படுகின்றன. ஆகவே அங்கும் படைப்பாளருக்குரிய தொகை எழுகிறது.

பெரும்பாலும் கசிவு நேர்வது மூன்றாம் படியில். குறிப்பேட்டில் நடிகர் பெயரும் படத்தின் பெயரும் இருந்து கவிஞர் பெயர் விடுபட்டால், அல்லது ஒருவர் பாடல் இன்னொருவர் பெயரில் ஏறிவிட்டால், தொகை வழிதவறும். ஒரு படத்தின் பாடல்களைப் பல கவிஞர்கள் எழுதும் வழக்கம் நம்மிடையே இருப்பதால் இப்பிழை எளிதில் நேரும். எப்பாடலை எவர் எழுதினார் என்று நிறுவும் ஆராய்ச்சி, ஏட்டுச்சுவடிகளுக்கு மட்டுமன்றித் திரைப்பாடலுக்கும் இன்றியமையாதது. பழைய பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டு உறைகளும் இத்துறையில் சான்றாவணங்களே.

கவிஞர்கள் கருதத்தக்கன

இலக்கிய வட்டங்களில் கவிதை பாடுவோர் பலர் திரைக்கு எழுதாதவர். அவர்களுக்கும் இவ்வரலாறு சில செய்திகளைச் சொல்கிறது. பொங்கல் கவியரங்கத்தில் பாடிய கவிதையோ, பிறர் பண்ணமைத்துப் பக்தி ஒலிநாடாவில் வெளியிட்ட பாடலோ, எழுதியவருக்கே முதல் உரிமை. பதிவு செய்தால்தான் உரிமை பிறக்கும் என்பதில்லை. எழுதிய அளவில் பிறந்துவிடுகிறது. உரிமையை மாற்றுவது எழுத்துவடிவில், கையொப்பத்துடன் இருந்தாலன்றிச் செல்லாது. காலவரையறை குறிக்கப்படாத ஒப்பந்தம் 5 ஆண்டுகளுக்கே செல்லும். இடவரையறை குறிக்கப்படாதது இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். ஆகவே 'எல்லா உரிமையும் என்றென்றும்' என்ற தொடர் ஒப்பந்தத்தில் எங்குள்ளது என்று படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடல் வேண்டும்.

உரிமையின் காலம் படைப்பாளர் வாழ்நாளும் அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் ஆகும். தாகூர் மறைந்து 50 ஆண்டு நிறைவுற்ற வேளையில் 50 என்பது 60 ஆக உயர்த்தப்பட்டது. அக்கணக்கின்படி பட்டுக்கோட்டையார் பாடல்வரிகளின் காலம் 2019 இறுதியோடு முடிந்தது. கண்ணதாசன் வரிகளின் காலம் 2041 இறுதிவரை நீளும். நாட்டுடைமை பற்றியும் ஒரு தெளிவு தேவை. ஒரு குடும்பம் தன்னிடம் உள்ள உரிமையையே அரசுக்குத் தர இயலும். கவிஞர் முன்னரே பிறருக்கு எழுதிக்கொடுத்துவிட்ட திரைப்பாடல் உரிமை அதனால் தானே விடுபட்டுவிடாது.

இவை எல்லாவற்றினும் மேலானது பெயருரிமை. தம் படைப்பு தம்முடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தம் புகழுக்குக் கேடாக அது சிதைக்கப்படுவதைத் தடுக்கும் உரிமையும், பொருளுரிமையை விற்றபின்னும் படைப்பாளரிடமே நிற்கும் என்று சட்டத்தின் 57ஆம் பிரிவு கூறுகிறது. சட்டமுறை உரிமத்தின்கீழ் ஒலிபரப்பும் நிறுவனங்கள் படைப்பாளர் பெயரை அறிவிக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது.

முடிவுரை

பரிசிலாகத் தொடங்கிய பாட்டின் ஊதியம், கூலியாக மாறி, பின்னர்ப் பங்காக உயர்ந்துள்ளது. பரிசில் கொடுப்போன் மனத்தைப் பொறுத்தது. கூலி வேலை முடிந்ததும் முடிவது. பங்கு என்பது பாட்டு வாழும்வரை வாழ்வது. கவிஞர் மறைந்தபின் அவர் மனையாளும் மக்களும் தொலைக்காட்சியில் அவர் பாட்டைக் கேட்கும்போது, அது நினைவை மட்டும் தராமல் அடுப்புக்கும் ஓரளவு துணை செய்யும் நிலை இப்போதுதான் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. சட்டத்தில் உள்ளது கைக்கு வருவதற்கு, பாடப்பட்ட பாட்டின் பக்கத்தில் எழுதியவர் பெயர் பிழையின்றி எழுதப்பட வேண்டும்.

அதற்கு நாடாளுமன்றம் வேண்டியதில்லை. ஒரு மேடையில் பாடல் பாடப்படும்போது படத்தின் பெயரையும் நடிகர் பெயரையும் சொல்வதற்கு முன், சொல்லைத் தந்தவரையும் பண்ணைத் தந்தவரையும் சொல்லும் வழக்கத்தை இலக்கிய வட்டங்கள் தம் கூட்டங்களிலேயே தொடங்கலாம். தம் புலமையை அறியாது தந்த பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்கவில்லை. அறிந்து தருவதே பரிசில். அறிந்து சொல்வதே அதன் முதற்படி.